நூறு மில்லிகிராம் கூட்டியபோது: ஒரு ஃபெனிடாயின் நச்சுநிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி 45 வயது ஆண், எடை 60 கிலோ, கணக்கு எழுதும் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக வலிப்பு நோய் உள்ளவர். வலிப்பை அடக்கும் மருந்தான ஃபெனிடாயின் சோடியம் 100 மி.கி. கேப்ஸ்யூல் மூன்றை இரவில் ஒரே வேளையாகப் போட்டுவந்தார். மெதுவாகக் கரையும் வகைக் கேப்ஸ்யூல் அது. வேறு மருந்துகள் இல்லை. மதுவும் புகையும் இல்லை.

மூன்று ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்தவருக்கு நான்கு மாதத்தில் இரண்டு முறை வலிப்பு வந்தது. மாத்திரை விட்டுப்போயிருக்குமோ என்பதுதான் முதல் ஐயம். வாங்கிய நாளையும் மீதிக் கேப்ஸ்யூல்களையும் வைத்து எண்ணிப் பார்த்ததில் ஒரு வேளைகூடத் தவறியிருக்கவில்லை. இரவு மருந்துக்கு முன் எடுத்த இரத்தத்தில் ஃபெனிடாயின் லிட்டருக்கு 8 மி.கி. இருந்தது. வழக்கமாகக் கொள்ளப்படும் வரம்பு 10 முதல் 20 வரை. கல்லீரல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.9 மி.கி., இரத்தப் புரதமான அல்புமின் டெசிலிட்டருக்கு 4.1 கிராம்.

முதல் முடிவு: 300-லிருந்து 400

அளவு வரம்புக்குக் கீழே இருக்கிறது, வலிப்பும் வருகிறது, ஆகவே மருந்தைக் கூட்ட வேண்டும். இந்த முடிவில் தவறில்லை. எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் பிழை நேர்ந்தது. கையில் இருந்தது 100 மி.கி. கேப்ஸ்யூல், எனவே இன்னொன்று சேர்க்கப்பட்டது. இதன் பின்னால் இருந்த கணக்கு எளிது: மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடினால் இரத்த அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும், 8 என்பது 11-க்கு அருகில் வரும்.

பெரும்பாலான மருந்துகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஃபெனிடாயினுக்குப் பொருந்தாது.

மருந்து உடலை விட்டுப் போகும் வழி

ஃபெனிடாயின் கொழுப்பில் கரையும் பொருள். இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மீதி 10 சதவீதம்தான் மூளைக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேரும். சிறுநீரகம் வடிகட்டும் சிறு பங்கும் சிறுநீர்க்குழல்களின் சுவர் வழியாக மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடும். அதனால் மாறாத வடிவில் சிறுநீரில் வெளியேறுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. கிரியேட்டினின் 0.9 என்பது இந்த நோயாளியின் ஃபெனிடாயின் வெளியேற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கோப்பில் அந்த எண் ஒரு ஆறுதலாகவே நின்றது.

உண்மையான வேலை கல்லீரலில் நடக்கிறது. சிஒய்பி2சி9 என்ற நொதிதான் பெரும்பங்கைச் செய்கிறது, சிஒய்பி2சி19 சிறு பங்கை. இவை ஃபெனிடாயினின் இரு ஃபீனைல் வளையங்களில் ஒன்றில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கின்றன. அப்படி உருவாகும் பொருளுக்கு வலிப்பை அடக்கும் ஆற்றல் இல்லை. அடுத்து அதனுடன் குளுக்குரோனிக் அமிலம் இணைக்கப்படுகிறது. இப்போது அது நீரில் கரையும், சிறுநீரில் போய்விடும். ஒரு பகுதி பித்தத்தில் இறங்கிக் குடலில் மறுபடி உறிஞ்சப்பட்டு, கடைசியில் அதுவும் சிறுநீர் வழியே வெளியேறுகிறது.

முட்டுக்கட்டை விழுவது முதல் படியில்தான், அதாவது ஹைட்ராக்சில் சேர்க்கும் இடத்தில். பல மருந்துகளுக்கு, வழக்கமான அளவில் நொதியின் திறனில் சிறு பங்கே பயன்படும். மருந்து இரட்டித்தால் நொதியும் இரட்டிப்பாக வேலை செய்து ஈடுகொடுக்கும். ஃபெனிடாயின் விஷயத்தில் சிகிச்சைக்குத் தேவையான அளவிலேயே நொதி ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. ஒரு நாளில் அது கையாளக்கூடிய உச்ச அளவு வி-மேக்ஸ். அந்த உச்சத்தில் பாதி வேகத்தை எட்டும் இரத்த அளவு கே-எம். பெரியவர்களில் கே-எம் சராசரியாக லிட்டருக்கு 4 மி.கி. அளவிலும், வி-மேக்ஸ் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 7 மி.கி. அளவிலும் இருக்கும். ஆளுக்கு ஆள் இவை வெகுவாக மாறும்.

ஏழாம் நாள்

அளவைக் கூட்டி ஏழு நாள் கழித்து இரத்தம் எடுக்கப்பட்டது. முடிவு 17. வரம்புக்குள் இருக்கிறது, வலிப்பு இல்லை, நோயாளிக்குத் தொந்தரவும் இல்லை. 'அளவு சரி, இதையே தொடரவும், மூன்று மாதம் கழித்து வரவும்' என்று எழுதப்பட்டது.

இந்த ஆய்வு அதிகம் நிற்க வேண்டிய இடம் இது. நூல்களில் ஃபெனிடாயினின் அரைவாழ்வு, அதாவது இரத்த அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சராசரி 22 மணி நேரம் என்று இருக்கும். ஐந்து அரைவாழ்வு கடந்தால் இரத்த அளவு நிலைபெற்றுவிடும் என்பது எல்லோரும் படித்த விதி. ஐந்தை 22 ஆல் பெருக்கினால் 110 மணி நேரம், ஐந்து நாளுக்கும் குறைவு. ஏழு நாள் என்றால் தாராளம் என்று தோன்றும்.

ஆனால் ஃபெனிடாயினுக்கு நிலையான அரைவாழ்வு கிடையாது. அளவு ஏற ஏற அதுவும் நீளும். இந்த நோயாளிக்கு 8 என்ற அளவில் அது சுமார் 19 மணி நேரம், 27 என்ற அளவில் சுமார் 49 மணி நேரம். ஏழாம் நாளில் கிடைத்த 17, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு கோட்டின் நடுப்புள்ளி. வாரத்துக்குள் 8 என்பது 17 ஆகியிருக்கிறது என்பதே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். எதிர்பார்த்ததே 11 தான். வரம்புக்குள் இருந்ததால், எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் இருந்த இடைவெளியை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

எட்டாம் நாள் முதல் முப்பத்தோராம் நாள் வரை

இரண்டாம் வாரக் கடைசியில் மாலை நேரங்களில் கண்ணில் ஒரு களைப்பு. மூன்றாம் வாரத்தில் பேரேட்டில் வரிகள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கின. ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும். இருபதாம் நாளையொட்டி நடையில் தடுமாற்றம் வந்தது. வேறொரு மருத்துவரிடம் காட்டியதில், காது சார்ந்த தலைசுற்றல் என்று மாத்திரை தரப்பட்டது. வலிப்பு மருந்தின் அளவு அண்மையில் கூட்டப்பட்டதை அங்கே கேட்கவும் இல்லை, நோயாளி சொல்லவும் இல்லை. ஏழாம் நாள் 'அளவு சரி' என்று கேட்டிருந்ததால் அவருக்கு அந்த மருந்தின் மேல் சந்தேகமே எழவில்லை.

முப்பத்தோராம் நாள் படியில் தடுமாறி விழுந்தார். பேச்சு குழறியது. மனைவி அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்.

சேர்க்கையின்போது கண்டவை

நினைவு தெளிவாக இருந்தது, கேள்விகளுக்கு விடை மட்டும் மெதுவாக வந்தது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது இரு புறமும் விழிகள் வெட்டி வெட்டி ஆடின. விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் இரு கைகளும் குறிதவறின. குதிகாலும் நுனிக்காலும் ஒட்டி வைத்து நடக்க முடியவில்லை. கைகால் வலு குறையவில்லை. விழுந்ததாலும், சிறுமூளைப் பக்கவாதத்தை ஒதுக்க வேண்டியிருந்ததாலும் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அது இயல்பாக இருந்தது. சர்க்கரை, சோடியம், இதய வரைபடம் ஆகியவற்றிலும் மாற்றமில்லை.

ஃபெனிடாயின் 27.

இருபதைத் தாண்டும்போது விழி ஆட்டமும், முப்பதை நெருங்கும்போது தள்ளாட்டமும், நாற்பதைத் தாண்டினால் மயக்கநிலையும் வரும் என்பது பழக்கத்தில் உள்ள வரிசை. ஆளுக்கு ஆள் இது முன்பின் நகரும். அளவு மிக ஏறினால் வலிப்பே அதிகமாகலாம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வலிப்பு வருகிறதே என்று அப்போது மருந்தை மேலும் கூட்டிவிடும் ஆபத்து உண்டு.

அல்புமின் மறுபடி பார்க்கப்பட்டது: 4.0. குறைந்திருந்தால் 27 என்ற எண்ணை அப்படியே நம்பியிருக்க முடியாது. ஒட்டிக்கொள்ள அல்புமின் இல்லாதபோது மொத்த அளவு தாழ்வாகத் தெரியும், ஒட்டாமல் கட்டற்று இருக்கும் பங்கு உயர்ந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது பயன்படும் திருத்தம் இது: அல்புமினை 0.2 ஆல் பெருக்கி 0.1 கூட்டி, வந்ததைக் கொண்டு மொத்த அளவை வகுக்க வேண்டும். அல்புமின் 2.5 ஆக இருந்திருந்தால் இதே 27, 45-க்குச் சமமாகியிருக்கும்.

பிற காரணங்களும் தேடப்பட்டன. ஃபுளூகோனசோல், அமியோடரோன், ஐசோனியாசிட் போன்றவை ஃபெனிடாயின் சிதைவைத் தடுக்கக்கூடியவை. இவற்றில் எதையும் அவர் எடுக்கவில்லை. கேப்ஸ்யூலின் வகையும் தயாரிப்பும் மாறவில்லை. மீதியை எண்ணியதில் ஒரு நாளுக்கு நான்குக்கு மேல் போட்டிருக்கவும் இல்லை.

கணக்கு

வார்டு மருந்தாளுநர் பழைய எண்ணிலிருந்து தொடங்கினார். ஃபெனிடாயின் சோடியத்தில் ஃபெனிடாயின் 92 சதவீதம். ஆக 300 மி.கி. என்பது நாளுக்கு 276 மி.கி. ஃபெனிடாயின். நிலைபெற்ற அளவு 8. கே-எம் சராசரியான 4 என்று வைத்துக்கொண்டால்:

வி-மேக்ஸ் = 276 × (4 + 8) ÷ 8 = 414 மி.கி.

கிலோவுக்கு 6.9. இது முற்றிலும் சராசரியான எண். நோயாளியின் கல்லீரல் மந்தமானது அல்ல என்பதை இதுவே காட்டியது. மரபணுச் சோதனை தேவையில்லை என்று முடிவு செய்ததற்கும் இதுதான் காரணம்.

அடுத்து, ஒவ்வொரு மருந்தளவிலும் இரத்த அளவு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டார். நாளுக்குப் போகும் ஃபெனிடாயினைக் கே-எம்மால் பெருக்கி, வி-மேக்ஸிலிருந்து அதே ஃபெனிடாயின் அளவைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும். கீழே முதலில் இருப்பது சோடியம் உப்பின் அளவு, அடுத்தது இரத்த அளவு.

300 மி.கி. – 8
330 மி.கி. – 11
360 மி.கி. – 16
400 மி.கி. – 32
450 மி.கி. – எங்கேயும் நிற்காது

கடைசி வரி மிகைப்படுத்தல் அல்ல. 450 மி.கி. சோடியம் உப்பில் 414 மி.கி. ஃபெனிடாயின் உள்ளது. உள்ளே போவதும் நொதியின் உச்சத் திறனும் சமம். அதன்பின் மருந்து தேங்கிக்கொண்டே போகும்.

300-லிருந்து 330-க்குப் போனால் 3 ஏறுகிறது. 360-லிருந்து 400-க்குப் போனால் 16 ஏறுகிறது. 8 என்ற அளவில் நொதி தன் திறனில் மூன்றில் இரண்டு பங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 400 மி.கி. உப்பில் உள்ள 368 மி.கி. ஃபெனிடாயின் நாளுக்கு உள்ளே வரும்போது அதை வெளியேற்ற 89 சதவீதத்தில் ஓட வேண்டும், அந்த இடத்தை எட்ட இரத்த அளவு 32 ஆக வேண்டும். மேலே போகப் போக, கூடுதலாக ஒவ்வொரு மில்லிகிராமையும் வெளியேற்ற இரத்தத்தில் முன்பைவிடப் பெரிய தேக்கம் தேவைப்படுகிறது.

இதே கணக்கை நாள்வாரியாகப் போட்டுப் பார்த்தால் ஐந்தரை நாளில் 16, ஏழாம் நாள் 17, இருபதாம் நாள் 24, முப்பத்தோராம் நாள் 27 என்று வந்தது. அளந்த இரு எண்களும் கோட்டின் மேலேயே விழுந்தன. 32-இல் பத்தில் ஒன்பது பங்கை எட்டவே ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அவர் விழாமல் இருந்திருந்தால் அளவு இன்னும் ஏறியிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஃபெனிடாயின் நிறுத்தப்பட்டது. இதற்கு மாற்று மருந்து, அதாவது நச்சுமுறிவு, இல்லை. அல்புமினோடு ஒட்டியிருப்பதால் சாதாரண இரத்தச் சுத்திகரிப்பு அதிகம் உதவாது. கரித்தூள் யோசிக்கப்பட்டு விடப்பட்டது: ஒரே வேளையில் விழுங்கிய நச்சு அல்ல இது. குழறும் பேச்சோடு இருப்பவர் கரித்தூளை வாந்தியெடுத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து, கிடைக்கும் பயனைவிடப் பெரிது. கட்டிலுக்குத் தடுப்பு, கழிவறைக்குத் துணை, 24 மணிக்கொரு முறை இரத்த அளவு. சிகிச்சை இவ்வளவுதான்.

எத்தனை நாள் நிறுத்துவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அறிகுறிகள் முழுவதும் மறையும்வரை நிறுத்தலாம் என்பது ஒரு தரப்பு. அது ஆபத்தான யோசனை. மேல் அளவுகளில் ஃபெனிடாயின் நாளுக்கு ஏறத்தாழ ஒரே அளவாகக் குறையும், இவருக்கு 7 முதல் 9 வரை. மூன்று நாள் கழிந்தால் 8-க்கும் கீழே போய்விடும். வலிப்பு வந்ததே 8-இல்தான். தள்ளாட்டமோ இரத்த அளவு குறைந்த பிறகும் சில நாள் நீடிக்கும். அறிகுறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலிப்பு முந்திக்கொள்ளும். ஆகவே அளவு 12-ஐ ஒட்டி வந்ததும் மறுபடி தொடங்குவது என்று முடிவானது.

முதல் 24 மணியில் 27 என்பது 20 ஆனது. கணக்கு சொன்னது 18. கடைசியாகப் போட்ட கேப்ஸ்யூல்கள் குடலிலிருந்து இன்னும் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்ததே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கொள்ளப்பட்டது. இரண்டாம் நாள் 12. அன்று இரவே 330 மி.கி. தொடங்கப்பட்டது: 100 மி.கி. மூன்று, 30 மி.கி. ஒன்று.

350 ஏன் இல்லை? 50 மி.கி. மென்று தின்னும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தால் அளவு 15-ஐ ஒட்டி நிற்கும் என்பது கணக்கு. அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் கே-எம் நாம் எடுத்துக்கொண்ட ஊகம். அது சற்றுத் தவறியிருந்தால் 350-இல் பிழை பெரிதாகும், 330-இல் சிறிதாகும். முதலில் 330, தேவைப்பட்டால் மட்டும் மேலே என்று வைத்தார்கள்.

பின்னர் நடந்தது

நான்காம் நாள் விழி ஆட்டம் நின்றது. இரட்டைப் பார்வை அதற்கு முன்பே போய்விட்டது. நடை சீராகப் பத்து நாள் ஆனது. காதுக்கென்று தந்த மாத்திரை நிறுத்தப்பட்டது.

நான்கு வாரத்தில் அளவு 11.2. நிலைபெற்ற இரண்டு இணைகள் (நாளுக்கு 276 மி.கி. ஃபெனிடாயினுக்கு 8, 330 மி.கி. உப்பில் உள்ள 303.6-க்கு 11.2) கிடைத்துவிட்டதால், ஊகத்தை விட்டு நோயாளியின் சொந்த எண்களையே கணக்கிட முடிந்தது: கே-எம் 3.7, வி-மேக்ஸ் 405. இந்த எண்களின்படி 400 மி.கி. கடைசியில் 37-இல் போய் நின்றிருக்கும். முப்பத்தோராம் நாளின் 27-ஐ இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது நிலைபெற்ற அளவு அல்ல. ஆய்வகத்தின் சிறு பிழைகூட இந்த எண்களை நகர்த்தும், ஆகவே தசமப் புள்ளிகளை வைத்துப் பெரிதாக எதையும் கட்டக்கூடாது.

எட்டாம் வாரத்திலும் அளவு 11-ஐ ஒட்டியே இருந்தது. ஆறு மாதம் வரை வலிப்பு இல்லை. மேலே கூட்டவில்லை. வரம்பின் நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, ஏற்கப்படவில்லை. வலிப்பு நின்றிருக்கிறது, தள்ளாட்டம் இல்லை. எண்ணுக்காக மருந்தைக் கூட்டக் காரணம் இல்லை.

மாற்றப்பட்டவை

கூட்டும் படி முதலில் மாறியது. இரத்த அளவு 7-க்குக் கீழே இருந்தால் நாளுக்கு 100 மி.கி. கூட்டலாம். 7 முதல் 12 வரை இருந்தால் 50-க்கு மேல் வேண்டாம். 12-ஐத் தாண்டியிருந்தால் 30 அல்லது அதற்கும் குறைவு. இது நெடுநாளாக உள்ள விதிதான், புதிதல்ல. 30, 50 மி.கி. வடிவங்கள் மருந்தகத்தில் இல்லாததால்தான் 100 கூட்டப்பட்டது. அவை இருப்பில் வைக்கப்பட்டன.

ஏழாம் நாள் பரிசோதனை நிறுத்தப்படவில்லை, அதைப் படிக்கும் முறை மாறியது. அந்த எண் எதிர்பார்த்த இறுதி அளவை அதற்குள் எட்டிவிட்டாலோ தாண்டிவிட்டாலோ, அது வரம்புக்குள் இருந்தாலும் மருந்தளவைக் குறைக்க வேண்டும். நிலைபெற்ற அளவு என்று சொல்ல, நான்காம் வாரத்தில் ஒன்றும் அதற்குப்பின் ஒன்றுமாக இரு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும்.

வடிவம் மாற்றுவது மூன்றாவது. மென்று தின்னும் மாத்திரையிலும் திரவ மருந்திலும் இருப்பது சோடியம் உப்பு அல்ல, ஃபெனிடாயினேதான். 300 மி.கி. கேப்ஸ்யூலுக்குப் பதில் 300 மி.கி. திரவம் தந்தால், லேபிளில் ஒரே எண் இருக்க, உடலுக்குப் போவது 24 மி.கி. கூடும். இந்த நோயாளிக்கு அதுவே 8-லிருந்து ஏறத்தாழ 11-க்குக் கொண்டுபோகப் போதுமானது. இதில் முன்னுதாரணம் உண்டு. 1968-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் கேப்ஸ்யூலின் நிரப்புப் பொருளைக் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸாக மாற்றினார்கள். மருந்தின் அளவு மாறவில்லை, உறிஞ்சப்படும் பங்கு மட்டும் கூடியது. பல நோயாளிகள் நச்சுநிலைக்குப் போனார்கள்.

நோயாளியிடம் தரும் தாளும் மாற்றி எழுதப்பட்டது. 'தலைசுற்றினால் சொல்லவும்' என்ற பழைய வரி எடுக்கப்பட்டது. இப்போது அதில் இருப்பது: 'அளவு கூட்டிய இரண்டு மாதத்துக்குள் எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, அடுத்த வேளை மருந்துக்கு முன் எங்களை அழைக்கவும். வேறு மருத்துவரிடம் போனால் இந்தத் தாளைக் காட்டவும். முந்தைய இரத்த முடிவு சரியாக இருந்தது என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.'